ஈட்டிக்காரன், தண்டல், தடைக்காலம்

"ஈட்டிக்காரன் மாதிரி வாசல்ல வந்து நிக்கிறான்யா" என்று கடன்காரனைத் திட்டுவோம் இல்லையா? அந்த ஈட்டிக்காரன் நெசமாவே இருந்த ஆள். காபூல், பெஷாவர் பக்கத்திலிருந்து வந்து வட்டிக்கு விட்ட பட்டாணியர்களுக்கு நம்ம ஊர் வைத்த பேர் அது. கையில் நீளத் தடி. சம்பள நாளன்று மில் கேட்டிலும் பட்டறை வாசலிலும் நிற்பார்கள். கூலிக்காசு வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் வட்டிக்காசு கைமாறிவிடும்.

ஈட்டிக்காரன் போய் பல காலம் ஆச்சு. ஆனா அந்த வாசல் போகலை, இடம் மாறிகிட்டே இருக்குங்கறதுதான் இந்தப் பதிவு.

1929ல் வெள்ளைக்கார சர்க்கார் தொழிலாளர் நிலைமையை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டது. தலைவர் விட்லி, நம்ம வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியும் அதில் உறுப்பினர். 1931ல் அறிக்கை வந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கடனாளிகள், பெரும்பாலானவர்களின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலே என்றது அது. சாதாரணமாக நடந்த வட்டி, மாசத்துக்கு ரூபாய்க்கு ஒரு அணா. ரூபாய்க்கு 16 அணா. அப்போ மாசம் 6.25 சதவீதம், வருஷத்துக்கு 75. இந்த 75ஐ கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இதுக்கப்புறம் சட்டங்கள் வந்தன. கடனை வசூலிக்க ஆலை வாசலில் காத்துக் கிடப்பதையே குற்றமாக்கி 1934ல் வங்காளத்தில் ஒரு சட்டம். 1936ல் சம்பளப் பட்டுவாடா சட்டம்: 1000 பேருக்குக் குறைவான ஆலை என்றால் 7ம் தேதிக்குள், பெரிய ஆலை என்றால் 10ம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாகணும். 1937ல் சம்பளத்தின் முதல் 100 ரூபாயையும் மீதியில் பாதியையும் கடனுக்காக ஜப்தி செய்யக்கூடாது என்றார்கள். எல்லாம் நல்ல சட்டம்தான். ஆனா ஈட்டிக்காரன் எந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போய் ஜப்தி வாங்கினான்? :-)

இப்ப வடசென்னைக்கு வருவோம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இந்தப் பக்கம் வட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை, தண்டல்காரர் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். "தண்டல் எடுத்திருக்கேன்" என்றால் 10,000 எழுதிக்கொண்டு 9,000 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுவது. ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே என்று தோணும். அங்கதான் கணக்கு ஏமாத்துது. அசல் தினம் குறைஞ்சுகிட்டே வருது, வட்டியோ முதல் நாளே மொத்தமா எடுத்தாச்சு. சரியாகப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 78 சதவீதம். விட்லி கமிஷன் எழுதின அதே 75 பக்கத்துல வந்து நிக்குது பாருங்க! அணா போச்சு, மில் போச்சு (பெரம்பூர் பி அண்ட் சி 1996ல் மூடியாச்சு), வட்டி மட்டும் அசையலை.

தண்டலாவது பரவாயில்லை. விடிகாலையில் மீன் ஏலம் எடுக்க 900 வாங்கி, சாயங்காலம் 1,000 கொடுப்பது இன்னொரு வகை. ஒரு பகல் பொழுதுக்கு 11 சதவீதம். மீனைக் கூடையில் எடுத்து விற்கிற அம்மாக்களுக்கு பேங்க் திறக்கும் நேரத்தில் பாதி வியாபாரமே முடிஞ்சிருக்கும். அதனால்தான் அந்த ஆளிடம் போகிறார்கள், கணக்கு தெரியாமல் இல்லை.

வருமானம் நின்று, சர்க்கார் கொடுப்பதை வைத்தே ஓட்டவேண்டிய காலம் வரும்போது இது இன்னும் இறுகும். தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு 2001லிருந்து மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள். 2017லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் முட்டையிடும் பருவம், தடை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. குடும்பத்துக்கு 5,000 என்று இருந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். 8,000ஐ 61ஆல் வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 131 ரூபாய். தண்டல் தவணை 100. மிச்சம் 31 ரூபாயில் ஒரு குடும்பம்.

முதியோர் பென்ஷனும் இதே கதைதான். 1962ல் 20 ரூபாயில் ஆரம்பித்தது, 2011ல் 1,000, 2023ல் 1,200. பாட்டிக்கு வருகிற அந்த 1,200ஐ நம்பி மருமகள் கடன் வாங்குவாள். நிரந்தரமாக வரும் பணம் என்பதால் அதுதான் ஜாமீன். முன்னெல்லாம் ரேஷன் கார்டை அடகு வாங்கி வைப்பார்கள். பணம் நேரா பேங்க் கணக்குக்கு வர ஆரம்பித்ததும் ஏடிஎம் கார்டும் ரகசிய நம்பரும் தண்டல்காரர் பைக்குப் போயின. இப்ப அவர் எந்த கேட்டிலும் நிற்கவேண்டியதில்லை. பணம் விழுந்த குறுஞ்செய்தி வந்தால் போதும்.

சமாளிக்கிற வழிகள் எல்லாம் பழசுதான். முதலில் தாலியில் இருக்கிற குண்டு அடகுக்குப் போகும், அப்புறம் பித்தளை அண்டா. சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுப்பார்கள். மகளிர் குழுவில் வாங்கி தண்டலை அடைப்பார்கள், குழுத் தவணைக்கு மறுபடி தண்டல். இந்தக் கடைசி வழிதான் ஆளை முழுகடிப்பது.

சினிமா தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் 2003 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். கந்துவட்டித் தடைச் சட்டம் அதே வருஷம் வந்தது. 3 வருஷம் வரை சிறை, 30,000 வரை அபராதம். நிறைய பேருக்குத் தெரியாத ஒரு பிரிவும் அதில் உண்டு: வாங்கின கடனை நேரா கோர்ட்டில் கட்டிவிட்டு, அடகு வைத்ததைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கலாம். 2025ல் இன்னொரு சட்டம் வந்தது. மிரட்டி வசூலித்தால் 5 லட்சம் வரை அபராதம்.

இங்கிலாந்தில் இதையே பேடே லோன் என்று கடை போட்டு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் அங்கே ஒரு வரம்பு வைத்தார்கள். நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்தாலும் அசலைத் தாண்டக்கூடாது. அதில் பெரிய கம்பெனியான வோங்கா 2018ல் மூழ்கியது. அங்கே கடனுக்குப் பேப்பர் இருந்தது, வரம்பு போட முடிந்தது. இங்கே இருப்பது தண்டல்காரர் கையில் ஒரு சின்ன நோட்டு, நம்ம கையில் டிக் போட்ட ஒரு அட்டை.

போலீசுக்குப் போனால் என்ன என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "போலாம் சார். அடுத்த ஏப்ரலுக்கு எனக்கு யாரு குடுப்பா?"