மில்லிமீற்றர் அலையும் மனித உழைப்பும்

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனி மேதைகளின் வரலாறாகவோ, பெருங் கம்பனிகளின் வெற்றிக் கதையாகவோ எழுதிவிடுவது பலரின் வழக்கம். ஐந்தாந் தலைமுறைக் கைத்தொலைபேசியோடு சேர்த்துப் பேசப்படும் மில்லிமீற்றர் அலைகளின் கதையும் இதற்கு விலக்கன்று. புத்தம் புதியதென விளம்பரஞ் செய்யப்படும் இவ்வலைகள் யார் கையில் உருவாயின என நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

1885இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார் ஜகதீஸ் சந்திர போஸ். வெள்ளையருக்குக் கொடுத்ததிலும் குறைந்த சம்பளமே தமக்கு விதிக்கப்பட்டதால், மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே கற்பித்தார். முறையான ஆய்வுகூடம் இல்லை. சிற்றறையொன்றில், தாம் பயிற்றிய தகரவேலைக்காரர் ஒருவரின் துணையோடு கருவிகளைச் செய்தார். 1895இல் பொதுமக்கள் முன்னிலையில், கண்ணுக்குப் புலப்படாத அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிப்பித்தார். வெடிமருந்தையும் வெடிப்பித்துக் காட்டினார். அவர் ஆய்ந்த அலைகளின் நீளம் ஐந்து மில்லிமீற்றர் வரை குறுகிற்று. இன்றைய கணக்கில் அது 60 கிகாஹேர்ட்ஸ். அதே 1895இல் மொஸ்கோவிலே லெபெதேவ் என்பார் ஆறு மில்லிமீற்றர் அலைகளைப் பிறப்பித்தார். ஒரே காலத்தில் இரு நாடுகளில் ஒரே தேடல் நிகழ்ந்தது.

ஆயின், அக்கால வாணிபத்துக்குத் தேவைப்பட்டது கடல்கடந்து செல்லும் நீண்ட அலையே. சுவர் மறித்தால் நின்றுவிடுவதும் மழையில் நலிவதுமான குற்றலையை வாணிபம் நாடவில்லை. கீழ் அலைவரிசைகள் நெருக்கடியில் நிறைந்த பின்னரே கைத்தொலைபேசித் துறை அதன்பக்கந் திரும்பிற்று. நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர், அந்நகர வீதிகளில் 28 கிகாஹேர்ட்ஸ் அலைகள் கட்டடங்களில் தெறித்தும் வந்துசேர்வதை அளந்து, 2013இல் வெளியிட்டனர். பல சிறு அலைவாங்கிகளை ஒருங்கிணைத்து, அலையை வேண்டிய திசைக்குத் திருப்பும் முறையும் வளர்ந்தது. 2015 முதல் 2017 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, பல்கலைக்கழகங்களும் ஒன்றோடொன்று போட்டியிடும் கம்பனிகளும் ‘எம்எம்மாஜிக்’ என்னும் ஆய்வுத் திட்டத்திலே கூடி உழைத்தன. எந்தக் கம்பனியும் இதனைத் தனித்துச் சாதித்ததில்லை.

ஆராய்ச்சி கூட்டாக நடந்தது. பலன் எவ்வாறு பங்கிடப்படுகிறது? 1901இல், தம் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெற்றுப் பொருளீட்டுமாறு தந்திக் கம்பனி முதலாளியொருவர் வற்புறுத்தியபோது போஸ் மறுத்தார். பின்னர் நண்பர்களின் தூண்டுதலால் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904இல் ஆக்கவுரிமை கிடைத்தும், அதனை அவர் வருவாயாக்கவில்லை. 2019 ஜனவரியில் முடிவுற்ற அமெரிக்க ஏலத்திலோ, 28 கிகாஹேர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்தும் உரிமை 70 கோடி டொலருக்கு விலைபோயிற்று.

அலைக்கு உரிமையாளன் இயற்கையிலே இல்லை. அதை அறிந்த அறிவோ பலரின் உழைப்பு. நகரத்தின் செறிந்த வீதிகளை முதலில் நாடும் இவ்வசதி, இலாபங் குறைந்த கிராமப் பள்ளியை எப்போது எட்டும்? மாணவருக்கு விஞ்ஞானம் போதிக்கும் நாம் அலையின் நீளத்தை மட்டும் கற்பித்தல் போதாது; இக்கேள்வியையும், அந்தத் தகரவேலைக்காரரின் கைகளையும் அவர்கள் முன் வைத்தல் நம் கடமையாகும்.