277 பேர் போனார்கள்

டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆட்கள் முதலில் நம்பராகத்தான் வருவார்கள். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், ஓவர்டைம், சம்பளப் பிடித்தம் எல்லாம் டோக்கன் நம்பருக்கு நேரேதான் விழும். பெயரைத் தேடிப் பார்ப்பது ஏதாவது தகராறு வந்தால்தான். இந்தத் தொழில் புத்தியோடு ஒன்று சொல்கிறேன். உலகப் போர்களுக்குப் போன நம் ஊர் ஆட்களைப் பற்றி நம்மிடம் மிஞ்சியிருப்பது வருகைப் பதிவேட்டின் கடைசி வரி மாதிரி, கூட்டுத்தொகை மட்டும்.

எனக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கம். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914–18 பெரும் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அவ்வளவுதான். அந்த 14 பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. கோட்டையும் பஜாருமாக இருந்த வேலூரைக் கிராமம் என்று எழுதியிருப்பதிலேயே விஷயம் புரிந்துவிடும்: வாசகம் முன்கூட்டியே தயார், ஊர்ப் பெயரையும் இரண்டு எண்களையும் மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். இதே வாசகக் கற்களை பழைய மெட்ராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் பார்க்கலாம். எங்கள் ஆபீஸ் படிவங்கள்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

எங்கள் கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருப்பவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பகுதிக் கம்பெனிகளின் கேட்டில் நிற்பவர்களில் பலர் இப்படி முன்னாள் பட்டாளத்துக்காரர்கள்தான். ஒரு நாள் பி ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது சொன்னார்: "எங்க பட்டாலியன் பேரே இந்த ரோடு போய்ச் சேர்ற ஊருதான் தம்பி." வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஒரகடத்தின் நடுவே போகிறது. தினம் அந்தப் பெயரைப் பலகையில் பார்க்கிறேன், ஆனால் அது ஒரு படைப்பிரிவின் பெயர் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் போர்க் காலத்தில் அது 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 1922-ல் படைகளைத் திருத்தி அமைத்தபோது 3-வது மெட்ராஸ் ரெஜிமென்டின் 4-வது பட்டாலியன் ஆனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெட்ராஸ் காலாட்படையையே கலைத்துவிட்டார்கள். தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லாத சாதி என்பது வெள்ளைக்கார அதிகாரிகள் வைத்திருந்த சித்தாந்தம். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் தப்பியது. அடுத்த போரில் ஆள் பற்றாமல் போனதும் 1941-ல் அதே மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். தேவைப்படும்போது வீரன், தேவை முடிந்ததும் லாயக்கற்றவன். கான்ட்ராக்ட் லேபர் லிஸ்டை மாதாமாதம் பார்க்கிற எனக்கு இது புதுசாகப் படவில்லை.

லாயக்கில்லை என்ற பேச்சுக்கு அந்த வெள்ளைக்கார அதிகாரிகள் காட்டிய சாட்சிகளில் ஒன்று டாங்கா. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் அந்தத் துறைமுகத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடிக்க சுமார் 8,000 பேரைக் கப்பலில் அனுப்பினார்கள். அதில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் கிடந்தவர்களை அப்படியே அலையாத்திக் காட்டுக் கரையில் இறக்கிவிட்டார்கள். எதிரில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் கீழ் ஆயிரம் பேர் சுமாருக்கு இருந்தார்கள். சண்டைக்கு நடுவே தேன்கூடுகள் கலைந்து தேனீக்கள் வேறு கொட்டின. சில நாளில் படை திரும்பிக் கப்பலேறியது. வரைபடமும் உளவும் சரியில்லாத அதிகாரிகளின் தோல்வி அது. பழி பெரும்பாலும் சிப்பாய்கள் தலையில் விழுந்தது. செத்தவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு ஏது?

எங்கள் குடும்பத்துக் கதைக்கு வருகிறேன். என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து மெசபடோமியா போய்த் திரும்பியவர். அவருக்கு இரண்டு பதக்கங்கள் வந்தன. ஒன்று வெள்ளி. அது என் அத்தைக்குக் கொலுசாகிவிட்டது. இன்னொன்று வெண்கலம், சிறகு விரித்த பெண்ணுருவம் போட்டது. அடகுக்கடைக்காரர் அதை வேண்டாம் என்று தள்ளியதால் டிரங்குப் பெட்டியில் தங்கிவிட்டது. சின்ன வயதில் அதைப் பம்பரம் மாதிரி சுற்றி விளையாடியிருக்கிறோம். முகப்பைத்தான் பார்த்தோம், ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. காசின் விளிம்பு மாதிரி மெல்லிய அந்த ஓரத்தில்தான் எல்லாம் இருக்கிறது: முதலில் ஒரு நம்பர், அப்புறம் சாப்பர் என்பதன் சுருக்கம், அவர் பெயர், கடைசியில் '2 கியூ.வி.ஓ. எஸ். & எம்.', அதாவது 2-வது குவீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். ஏதோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர் கொஞ்சம் கோணல். இருந்தாலும் அவர் பெயரேதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

படையோடு சுமை தூக்கப் போனவர்கள், சமையற்காரர்கள், கூலிகளுக்கு வெள்ளிப் பதக்கம்கூட இல்லை, அதற்குப் பதில் வெண்கலம். முதல் போருக்கு மெட்ராஸ் மாகாணம் அனுப்பிய சுமார் 90,000 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ரகம். உருக்கி விற்க லாபமில்லாத உலோகத்தில் கிடைத்ததால் அவர்கள் பெயர் வீடுகளில் நிலைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

திரும்பாதவர்கள் நிலைமை வேறு. பிரான்சில் நவ் ஷபேல் நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னம் 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. அங்கே சுவரில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு, சாதாரண சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கைதான். ஐரோப்பியர் வந்து பார்க்கிற இடத்தில் ஒரு மரியாதை, பார்க்காத இடத்தில் இன்னொன்று. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021-ல் ஒரு அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதல் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்றது அந்த அறிக்கை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், அடுத்து நம்மவர்கள் உட்பட மற்ற காலனி நாட்டவர்.

சென்னையிலிருந்து எங்கள் பக்கம் வரும் கம்பெனி பஸ்கள் பல நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைத் தாண்டித்தான் வருகின்றன. இரண்டாம் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை 1952-ல் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர், படைப்பிரிவு, தேதி, வயது என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கல். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் செத்தால் அப்படித்தான் எழுதிவைக்க வேண்டும். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில், ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளில் கிட்டத்தட்ட 7,000 பேரின் கல்லறைகளையும் அப்படித்தான் பராமரிக்கிறார்கள். அதே 415 கிலோமீட்டர் பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து இழுத்துப்போகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் விழுந்தார்கள். வடாற்காடு, செங்கல்பட்டிலிருந்து கங்காணி பிடித்துப்போன குடும்பங்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தன. இவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே மதிப்பீடுகள்தான் இருக்கின்றன.

இன்று ஒரகடத்தில் ஜெர்மன்காரரின் டைம்லர் லாரியும் ஜப்பான்காரரின் கோமாட்சு எந்திரமும் பக்கத்துப் பக்கத்தில் தயாராகின்றன. நல்லதுதான், பழைய பகையைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. ராயல் என்ஃபீல்டு பைக்கும் இங்கேதான் தயாராகிறது. இரண்டாம் போரில் பாராசூட்டில் இறக்கிய அதன் சின்ன பைக்குக்கு 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்று பெயர். 2024-ல் அதே பெயரைத் தூசி தட்டி மின்சார பைக் வரிசைக்கு வைத்தார்கள். எண்பது வருஷம் கழித்தும் ஒரு பைக்கின் பெயர் ஆட்களுக்குத் தெரிகிறது.

இதைப் படிக்கிறவர்களில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்தவர் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த வாராந்திர லீவுக்கு ஊருக்குப் போனால் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கமானால் நம்பர், பெயர், படைப்பிரிவு மூன்றும் இருக்கும். இரண்டாம் போரில் இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றிலும் பொறித்திருப்பார்கள். வீட்டில் யாராவது போரில் இறந்திருந்தால், போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, தேடலாம். கிடைத்த பெயரை ஒரு தாளில் எழுதி ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுங்கள். உங்கள் ஊரிலும் அந்த எண் போட்ட கல் இருந்தால், அதன் பக்கத்தில் பெயர்களோடு இன்னொரு கல் வைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.