சின்சினாட்டியில் மனு செய்த வேலை

அமெரிக்க நகரங்கள் எந்த அமைப்பில் ஆளப்பட வேண்டும் என்பதை நெடுங்காலம் மாநிலச் சட்டமன்றங்களே தீர்மானித்துவந்தன. ஒஹாயோ மாநிலம் 1912-இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி அந்த உரிமையை நகரவாசிகளின் கையில் கொடுத்தது. வாக்காளர்களில் பத்து சதவீதத்தினர் மனுவில் கையெழுத்திட்டால், நகர சாசனத் திருத்தத்தை நகர மன்றம் வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். பதவியில் இருப்பவர்கள் தங்கள் பதவியின் வடிவத்தைத் தாங்களே மாற்ற முன்வருவது அரிது என்பதால், இந்த ஒற்றை விதி இல்லாமல் மற்ற எந்தச் சீர்திருத்தமும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். அம்மாநில நகரான சின்சினாட்டியின் கதை அதற்குச் சான்று. அந்த உரிமை எந்த இடத்தில் பலவீனப்படுகிறது என்பதற்கும் அதுவே சான்று.

1920-களின் தொடக்கத்தில் அந்நகர மன்றத்தின் 32 உறுப்பினர்களில் 31 பேர் குடியரசுக் கட்சியினர். கட்சியை இயக்கிய ருடால்ஃப் ஹினிக்கா நியூயார்க்கில் தொழில் நடத்திக்கொண்டே சின்சினாட்டியை ஆட்டிவைத்தார். வாக்குச்சீட்டில் ஒரு கட்சிக்குக் கழுகு, மற்றொன்றுக்குச் சேவல். பறவைப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் மொத்தப் பட்டியலுக்கும் வாக்கு விழுந்துவிடும். வேட்பாளர் யார், அவர் என்ன செய்தார் என்று யோசிக்க வேண்டிய தேவையே எழாது. சீர்திருத்தம் கேட்டவர்கள் ‘பறவையில்லா வாக்குச்சீட்டுக் கழகம்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டது இதனால்தான். 1923-இல் மர்ரி சீசன்குட் என்ற வழக்கறிஞர் கூடுதல் வரிக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். வரித் தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டு மனு சுற்றுக்கு வந்தது. 1924 நவம்பரில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் திருத்தத்தை ஆதரித்தார்கள். வார்டுகளும் வாக்குச்சீட்டுப் பறவைகளும் போய், நகரம் முழுவதற்குமாக ஒன்பது பேர் கொண்ட மன்றம் வந்தது. அன்றாட நிர்வாகம் தொழில்முறை மேலாளர் ஒருவரிடம் போனது. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விகிதாசார முறையும் வந்தது. வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திரண்டாலே ஒருவரை மன்றத்துக்கு அனுப்பலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி.

மனுவால் வந்தது மனுவாலேயே போகும் என்பது மனு உரிமைக்குச் சொல்லப்படும் முதல் ஆட்சேபம். அது வெறும் ஊகமல்ல. விகிதாசார முறையை ஒழிக்க 1936, 1939, 1947, 1954 என நான்கு முறை வாக்கெடுப்பு நடந்தது; நான்கிலும் அது தப்பியது. 1957-இல் விழுந்தது. காப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும், அழிப்பவர்கள் ஒருமுறை வென்றால் போதும். அப்போது கறுப்பினத்தவரான தியடோர் பெர்ரி துணை மேயராக இருந்தார். அடுத்து மேயராகிவிடுவார் என்ற அச்சத்தை ஒழிப்புப் பிரசாரம் தூண்டிவிட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் பெர்ரி தோற்றார். அவர் மேயரானது 1972-இல்தான். சிறுபான்மையினருக்கு இடம் கொடுத்த விதியையே பெரும்பான்மையினர் வாக்கால் நீக்கினார்கள். இந்த அநியாயத்தை மக்கள் விருப்பம் என்ற பெயரால் மூடிவிட முடியாது.

அதற்காக மனு உரிமையையே ஒடுக்க வேண்டும் என்ற முடிவை ஏற்க முடியவில்லை. அந்த உரிமை இல்லையென்றால் 32-இல் 31 பேர் ஒரே கட்சியினராக இருந்த மன்றமே தொடர்ந்திருக்கும். அங்கே பெர்ரிக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தொல்லை கையெழுத்தில் இல்லை, அதற்குப் பின் வரும் வாக்கெடுப்பின் அளவுகோலில் இருக்கிறது. வாக்களிக்கும் முறையைத் தொடும் திருத்தத்துக்கு 60 சதவீத ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தால் 1924-இன் மாற்றம் தடையின்றி நிறைவேறியிருக்கும். ஏறத்தாழ 55 சதவீதமே பெற்ற 1957-இன் ஒழிப்பு நின்றுபோயிருக்கும். இது பின்வரும் தலைமுறையின் கையைக் கட்டுவதாகும் என்பார்கள். கட்டுவதுதான், ஆனால் பத்துப் பேரில் ஆறு பேர் சேர்ந்தால் அவிழ்த்துவிடக்கூடிய கட்டு அது. மேலாளர் பதவியும் பறவையில்லா வாக்குச்சீட்டும் 1957-க்குப் பிறகும் தொடர்ந்தன. அவற்றைத் தொட அன்று யாரும் ஊரைத் திரட்டவில்லை.