ஆபரேட்டர் ரூமுக்கு ஏன் வெளிப்பக்கம் படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பழைய தியேட்டர் கட்டடம் கண்ணில் பட்டால், முகப்பை விட்டுட்டு பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்க. சுவரை ஒட்டி ஒரு குறுகலான படி ஏறும். மேலே சின்ன அறை, கூரையில் ஒரு புகைக்குழாய். அதுதான் ஆபரேட்டர் ரூம். உள்ளே ஹாலுக்கு இறங்க வழி இருக்காது. பால்கனி கடைசி வரிசைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் அவர் வெளியே இறங்கி சுற்றித்தான் வரணும்.

காரணம் பிலிம். ஆரம்பகால பிலிம் நைட்ரேட்டில் செய்தது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 1897-ல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் புரொஜக்டர் விளக்கில் பிடித்த தீயில் 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் (அங்கே வினை விளக்குக்கு ஊற்றின ஈதர்). இப்படிப்பட்ட பயங்களுக்குப் பிறகு உலகம் முழுக்க விதிகள் வந்தன. இந்தியாவில் 1918 சினிமாட்டோகிராஃப் சட்டம். நாம அதை சென்சாருக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். அதன் இன்னொரு பாதி தீப் பாதுகாப்பு. புரொஜக்டர் அறை எரியாத பொருளில் தனியாக இருக்கணும், ஒளி போகும் துளைகளை இரும்புத் தகட்டால் சட்டென மூட முடியணும்.

1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் போய் எளிதில் எரியாத பிலிம் வந்துவிட்டது. ஆனால் அறை அப்படியேதான் கட்டப்பட்டது. எங்க தொழிலில் இதற்கு லெகசி கோடு என்று பேர்: எழுதினவர் போயிருப்பார், காரணமும் போயிருக்கும், யாரும் கைவைக்க மாட்டோம். இங்கே கைவைக்காதது நல்லதுதான். புரொஜக்டருக்குள் கார்பன் குச்சிகள் எரிந்துதான் வெளிச்சம் வந்தது. அந்தப் புகை போகத்தான் மேலே குழாய்.

மற்றபடி கட்டடம் எளிமையானது. முன்னால் மாளிகை, பின்னால் கிட்டங்கி. தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் வளைவு, தூண், சிமெண்டில் எழுத்து; பின்னால் இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கொட்டகை. பருத்தி மூட்டை அடுக்கினாலும் பொருந்தும். மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி (1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,500 இருக்கைக்கு மேல்) கட்ட இந்த ஊர்களில் காசும் கிடையாது, கூட்டமும் கிடையாது.

இதற்கும் எளிய வடிவம் டூரிங் டாக்கீஸ். திருச்சி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலையாக உட்கார்ந்தார். கூடாரம் மட்டும் கிராமங்களில் ஓலைக்கூரையாகி, மணல்தரையோடு இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. நம்ம வெயிலுக்கு ஓலை மாதிரி குளுமை ஷீட்டில் வராது. ஆனால் ஓலை பற்றும். அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாக ரோட்டைப் பிடித்தால் தூத்துக்குடி. அங்கே லூர்தம்மாள்புரத்தில் 1979 ஜூலையில் கூரைக் கொட்டகை எரிந்து ஏராளமானோர் இறந்தார்கள். ஆபரேட்டர் அறையை மட்டும் பத்திரமாகக் கட்டி, ஜனங்கள் தலைக்கு மேலே ஓலையை விட்டிருந்தோம்.

இப்போது டிஜிட்டல். பிலிமும் இல்லை, கார்பனும் இல்லை. பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறுகின்றன. கல்யாண மண்டபம் ஒன்றும் தீக்கு விலக்கில்லை: 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் மண்டபத்து மாடியில் போட்ட ஓலைப்பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் போனார்கள். தியேட்டராக இருந்து மண்டபமான ஒரு கட்டடத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். படி இருந்தது, தகடு போட்ட துளைகளும் இருந்தன. பக்கவாட்டில் வெளிப்பக்கம் திறக்கும் நாலு கதவில் மூன்றை மறித்து, பந்தி மேஜைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.