நோபல் பரிசுக்குப் பிறகு: மார்ஷல் நிரன்பர்க்கின் இரண்டாம் ஆராய்ச்சி

மரபுக் குறியீடு என்றதும் நம் நாட்டவருக்கு ஹர்கோவிந்த் குரானா நினைவு வருவார். நியாயம்தான். 1968இல் மருத்துவ நோபல் பரிசை அவரோடும் ராபர்ட் ஹாலியோடும் பகிர்ந்துகொண்ட மார்ஷல் நிரன்பர்க்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கல்லாவில் உட்கார்ந்தே கண்டதையும் படித்துப் பழகிய எனக்கு, இவர் பரிசு வாங்கியதைவிட அப்புறம் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது.

1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1957 முதல் பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளர். 1961 மே மாதம் இவரும் ஜெர்மனியிலிருந்து வந்த மத்தேயும், பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றில் 'யு' என்ற ஒரே எழுத்தாலான செயற்கை ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தார்கள். ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தாலான புரதச் சங்கிலி உண்டாயிற்று. குறியீட்டில் படிக்கப்பட்ட முதல் சொல் அது. ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் சிலபேர்தான். விஷயம் அறிந்த ஃபிரான்சிஸ் கிரிக் பெரிய அரங்கில் மறுபடி பேசவைத்தார். 1966க்குள் 64 சொற்களும் தெரிந்துவிட்டன.

நன்றாக ஓடுகிற வியாபாரத்தை விட்டுப் புதுச் சரக்குக்கு யார் போவார்கள்? இவர் போனார், நரம்புச் செல்லுக்கு. சுண்டெலியின் நரம்புப் புற்றுச் செல்லையும் எலியின் மூளைக்கட்டிச் செல்லையும் இணைத்த கலப்புச் செல்லைத் தட்டில் வளர்த்து, எஸ்.கே.சர்மா, வெர்னர் கிளீ இருவரோடும் சேர்ந்து மார்ஃபினை ஆராய்ந்தார். முடிவு 1975இல் வெளிவந்தது.

சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருளைச் செய்யும் நொதியை மார்ஃபின் அமுக்குகிறது. செல் சும்மா இருக்குமா? மார்ஃபினிலேயே நாள்கணக்கில் ஊறினால் அந்த நொதியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் வர வர அதிக மருந்து வேண்டியிருக்கிறது. திடீரென மார்ஃபினை நிறுத்தினால், அமுக்கிய கை விலகிவிடும்; கூட்டிய வேகம் மட்டும் நிற்கும். தூதுப்பொருள் எக்கச்சக்கமாய்ப் பெருகும். போதையை விட்டவன் படும் அவதிக்கு இதுவே அடிப்படை என்று அவர்கள் விளக்கினார்கள். முழு மூளையில் விவகாரம் இதைவிடச் சிக்கல் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினாலும், இந்த அடிப்படை நிற்கிறது.

அபினுக்கு அடிமையானவனை, "மனசு வச்சா விட்டுடலாம், திமிரு" என்று வீட்டார் ஏசுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மனசே இல்லாத, தட்டில் வளர்ந்த செல்லுக்கும் அதே கதிதானே!

பிற்பாடு பழ ஈயின் நரம்பு மண்டலத்தை உருவாக்கும் மரபணுக்களைத் தேடினார். 2010 ஜனவரி 15இல் காலமானார். வேலை பார்த்ததெல்லாம் கடைசிவரை அதே நிறுவனத்தில்தான்.