பக்கவாட்டிலிருந்து பார்த்த ஆட்டம்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத என்ன இருக்கிறது என்று எம்மவரில் பலர் கேட்கக்கூடும். மெல்பேர்ணில் பத்து வருடம் வாழ்ந்த பிறகும் 'முட்டைப் பந்து' என்று சொல்லி அதைத் தள்ளிவிடுபவர்களை நாம் அறிவோம். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அவர்கள் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அங்கே அது முப்பத்தாறு பேர் ஒரு பந்தின் பின்னால் விழுந்தெழும்பும் அமளியாகத்தான் தெரியும். இந்த ஊரவர்கள்கூடத் தங்கள் ஆட்டத்தின் தந்திரோபாயங்களை நெடுங்காலமாக அந்தக் கோணத்திலிருந்தே விளங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எமது கருத்து. அதன் விளைவுகள் சிறியவையல்ல.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1858 இல் ரொம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடம்பு சோம்பிப் போகாமலிருக்க ஓர் உதைபந்தாட்டக் கழகம் வேண்டுமென்று மெல்பேர்ண் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மே மாதத்தில் விதிகள் எழுதப்பட்டன. இன்று ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானம் நீள்வட்டம். பந்தை உதைக்கலாம், முட்டியால் குத்திக் கொடுக்கலாம், எறியக்கூடாது. உதைபட்டு வரும் பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை உண்டு. மற்ற உதைபந்தாட்டங்களில் இருக்கும் 'ஓவ்சைட்' விதி இதில் கிடையாது. யாரும் எங்கும் நிற்கலாம். பந்து ஒருவரின் கையில். மற்ற முப்பத்தைந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே தந்திரோபாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும்.

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நிரந்தர விடை இருந்தது. ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று பேர், கூடவே பந்தைத் தொடர்ந்து ஓடும் மூவர். ஒவ்வொருவருக்கும் எதிரே ஒருவர். பத்திரிகைகளிலும், 1912 முதல் வெளிவரும் 'புட்போல் றெக்கோட்' சஞ்சிகையிலும் அணிகளை இந்தக் கட்டத்திலேயே அச்சிட்டார்கள். வானொலிக்கு இது மிகவும் வசதி. வர்ணனையாளர் 'இடது அரைமுன்வரிசை' என்றவுடன் குசினியில் நிற்கும் கிழவிக்கும் பந்து எங்கே என்று தெரிந்துவிடும். கொலிங்வூட்டின் விக்டோரியா பார்க், எசென்டனின் வின்டி ஹில் போன்ற மைதானங்களில் சனம் நின்றுகொண்டே பார்த்தது. பின்னால் நின்றவர்கள் வெறும் பியர்ப் பேணிகளின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். வேலியோரத்தில் நின்றவனுக்கு மைதானம் முழுவதும் தெரியாதுதான். ஆனால் தலையைத் திருப்ப அவனுக்குச் சுதந்திரம் இருந்தது. பந்து அந்தத் தொங்கலில் கிடக்கும்போது இந்தத் தொங்கலில் நிற்பவர்கள் மெல்ல இடம் மாறுவதை அவன் விரும்பினால் பார்க்கலாம்.

1956 இல் மெல்பேர்ணுக்குத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியை மட்டும் நேரடியாகக் காட்ட லீக் அனுமதித்தது. முழு ஆட்டத்தையும் காட்டினால் யார் ரிக்கற் வாங்குவார்கள்? பிரதான கமரா மைதானத்தின் நீளப்பக்கத்தில், நடுவே, உயரத்தில் இருந்தது. அது பந்தைத் தொடர்ந்து இடமும் வலமும் திரும்பியது. தலையைத் திருப்பும் வேலையை அன்றிலிருந்து கமரா எடுத்துக்கொண்டது.

1970 இறுதியாட்டத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அன்று மைதானத்தில் 121,696 பேர். அரைநேரத்தில் காள்ற்றன் அணி கொலிங்வூட்டிடம் 44 புள்ளிகளால் பின்தங்கி நின்றது. பயிற்றுநர் றொன் பராசி, பந்தைக் கையால் குத்திக் கொடுத்து ஓடுங்கள் என்று கட்டளையிட்டார். காள்ற்றன் 10 புள்ளிகளால் வென்றது. நவீன ஆட்டம் அந்த அரைநேரத்தில் பிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் படமாக எல்லோர் மனதிலும் நிற்பது இன்னொன்று: அலெக்ஸ் ஜெசோலெங்கோ எதிரணிக்காரரின் முதுகுக்கு மேலே எழுந்து பந்தைப் பிடித்த காட்சி. (ஜெசோலெங்கோ 1945 இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் பிறந்தவர். உக்ரேனியத் தகப்பன், ரஷ்யத் தாய். யுத்தத்தில் இடம்பெயர்ந்து 1949 இல் இங்கு வந்த குடும்பம். அகதிப் பிள்ளை ஒருவர் இந்த நாட்டின் மிகப் பிரபலமான விளையாட்டுப் படமாகிவிட்டார் என்பதை எம்மவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.) பாய்ந்து பிடிப்பது ஒரு சட்டகத்துக்குள் அடங்கும். கையால் குத்திக் கொடுக்கும் ஆட்டம் அடங்காது. அதை விளங்கிக்கொள்ள, பந்து வரமுன்னரே யார் தனியாக ஓடத் தொடங்கினார் என்பதைப் பார்க்கவேண்டும். அவர் படத்துக்கு வெளியே நிற்கிறார்.

1977 ஒரு விசித்திரமான வருடம். செப்டெம்பரில்தான் இறுதியாட்டம் முதன்முதலாக மெல்பேர்ண் வீடுகளுக்கு நேரடியாக வந்தது. கொலிங்வூட்டும் வட மெல்பேர்ணும் சமநிலையில் முடித்து, அடுத்த வாரம் மறுபடி ஆடவேண்டியதாயிற்று. அதே வருடம் டிசம்பரில் கெறி பக்கர் தனது கிரிக்கெட்டைத் தொடங்கியது ஓர் உதைபந்தாட்ட மைதானத்தில், வேவர்லியிலிருந்த வி.எவ்.எல். பார்க்கில். பக்கரின் சனல் 9 கிரிக்கெட்டுக்கு இரண்டு தொங்கலிலும் கமரா வைத்தது. அதுவரை ஒரு தொங்கலிலிருந்து மட்டும் பார்த்ததால், ஒன்றுவிட்ட ஒரு ஓவரில் துடுப்பாட்டக்காரனின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த சனம், இப்போது எல்லாப் பந்தையும் பந்துவீச்சாளனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. பந்து எப்படித் திரும்புகிறது என்று சின்னப் பிள்ளையும் பேசத் தொடங்கியது. ஒரே நாட்டுச் சனம் கோடைகாலத்தில் நீளவாக்கிலும் குளிர்காலத்தில் பக்கவாட்டிலும் பார்க்கப் பழகிக்கொண்டது. உதைபந்தாட்டத்தில் கமராவைத் தொங்கலுக்குக் கொண்டுபோகாததற்கு நியாயமும் உண்டு. 160 மீற்றர் நீளமான மைதானத்தில் மறு தொங்கல் எறும்பாகத் தெரியும். வேகமும் தூரமும் செத்துப்போகும்.

ஆனால் பக்கவாட்டுக் கமரா அகலத்தைத் தின்றுவிடுகிறது. மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானம் ஏறக்குறைய 140 மீற்றர் அகலம். ஜீலோங்கின் கார்டீனியா பார்க் 115 மீற்றர்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பயிற்றுநர்களோ அகலத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பந்து இருக்கும் ஓரத்தை 'மெலிந்த பக்கம்' என்றும், மறுபுறம் திறந்து கிடக்கும் வெளியைக் 'கொழுத்த பக்கம்' என்றும் சொல்வார்கள். தாக்குபவன் பந்தைக் கொழுத்த பக்கம் மாற்றப் பார்க்கிறான். காப்பவன் அதை அடைக்கப் பார்க்கிறான். இந்த இழுபறியை கோல் கம்பங்களுக்குப் பின்னால், உயரத்திலிருந்து பார்த்தால் உள்ளங்கை போலத் தெரியும். கழகங்கள் அங்கே தமக்கென்று படம் பிடித்துக்கொள்கின்றன. பயிற்றுநர்கள் அதைப் போட்டுப் பார்த்துத்தான் வீரர்களைத் திருத்துகிறார்கள்.

2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த இடைவெளி பெரிதாகியது. அந்த வருடம் எசென்டன் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றிருந்தது. 21 ஆவது ஆட்டத்தில் வெஸ்ரேர்ண் புல்டோக்ஸ் பயிற்றுநர் ரெறி வொலஸ் தனது ஆட்களில் பெரும்பாலோரைப் பின்னால் இறக்கி எசென்டனின் முன்வெளியை நிரப்பிவிட்டார். 'வெள்ளம்' என்று அதற்குப் பெயர். எசென்டன் அந்த வருடம் தோற்றது அந்த ஒரு ஆட்டத்தில்தான். திரையில் இத்தகைய ஆட்டம் எப்படித் தெரியும்? ஒரு வீரன் பந்தை வைத்துக்கொண்டு தயங்குவான், பின்னுக்கு உதைப்பான். வர்ணனையாளர் சலித்துக்கொள்வார். அவன் முன்னால் கண்ட மதிலை நாம் காண்பதில்லை. எனவே திறமைசாலி ஒருவன் கோழையாகத் தெரிவான்.

2005 இல் லீக்கின் தலைமை நிர்வாகி அன்ட்ரூ டெமெற்றியோ, போல் றூஸ் பயிற்றுவித்த சிட்னி அணியின் ஆட்டம் அழகற்றது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அதே வருடம் சிட்னி, 72 வருடங்களுக்குப் பிறகு, நான்கே புள்ளி வித்தியாசத்தில் கிண்ணத்தை வென்றது. கடைசிக் கணங்களில் கோலுக்கு முன்னால் எழுந்த கூட்டத்துக்கு மேலே லியோ பரி பந்தைப் பிடித்ததை இன்றும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். 'அழகற்றது' என்று கண்டிக்கப்பட்ட காவல் முறைதான் அந்த அழகான படத்தைத் தந்தது என்று அதன் கீழே யாரும் எழுதுவதில்லை. 2008 இல் அலஸ்ரெயர் கிளார்க்சனின் ஹோதோர்ன் அணி ஆளுக்கு ஆள் என்பதைக் கைவிட்டு, பந்தோடு கூட்டமாக நகரும் வலயத்தை அமைத்தது. லீக் சுற்றில் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த ஜீலோங்கை இறுதியாட்டத்தில் 26 புள்ளிகளால் வீழ்த்தியது. அந்த வலயம் வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு ஜீலோங் வீரர்களின் தவறான உதைகளாகவே தெரிந்தது.

புள்ளிவிபரங்கள் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சிலர் சொன்னார்கள். 1970 இறுதியாட்டத்தில் அரைநேரத்தில் மாற்று ஆளாக இறங்கி 4 கோல் போட்ட ரெட் ஹொப்கின்ஸ்தான், 1990களில் 'சம்பியன் டேட்டா' நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். கவிதையும் எழுதிய மனிதர். எத்தனை உதை, எத்தனை பிடி, எத்தனை கைக்குத்து என்று எல்லாம் எண்ணப்பட்டன. ஆனால் எண்ணிக்கையும் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே ஓடியது. இடத்தை அடைத்து நின்றே எதிரியின் உதையைக் கெடுத்தவனுக்கு அந்த ஏட்டில் சைபர்.

2019 இல் லீக் புது விதி கொண்டுவந்தது. நடுவில் பந்து போடப்படும் ஒவ்வொரு தடவையும் இரு அணிகளும் முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு என்று நிற்கவேண்டும். பழைய பத்திரிகைக் கட்டம் சட்டமாகித் திரும்பி வந்ததென்றே நாம் இதைப் பார்க்கிறோம். நெரிசலைக் குறைக்கவே என்றார்கள். திரையில் நெரிசலாகத் தெரிந்ததன் நியாயம் திரைக்கு வெளியே இருந்தது என்பதை எத்தனை பேர் யோசித்தார்கள்?

2020 இல் கொரோனா வந்தபோது மெல்பேர்ணின் மைதானங்கள் வெறிச்சோடின. இறுதியாட்டம் முதற்தடவையாக விக்டோரியாவுக்கு வெளியே, பிரிஸ்பேணில் நடந்தது. தன் கண்ணால் பார்த்துப் பழகிய நகரம் முழுவதும் அந்த வருடம் கமராவின் கண்ணையே நம்பியிருந்தது.

நாம் வேலைசெய்யும் உணவகத்தில் தொலைக்காட்சி மதுத் தட்டுக்கு மேலே, சத்தம் நிறுத்தப்பட்டே ஓடும். கோப்பைகளோடு போய்வருகையில் வர்ணனையில்லாமல் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. எது மிகச் சிறந்தது, எது கேவலமானது என்று யாரும் சொல்லித்தராததால், கமரா எதை விட்டுவிட்டுத் திரும்புகிறது என்பது கண்ணில் படும். கமரா எந்தப் பக்கம் நின்றது என்று கேட்பதற்கு எமது சனத்துக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. வேலையில்லாத ஞாயிறுகளில் மைதானத்துக்குப் போனால், எமது காசுக்குக் கிடைப்பது கோல் கம்பங்களுக்குப் பின்னால், மேல்மாடியின் கடைசி வரிசைகள். கீழே கொடியும் கூச்சலுமாக ஆரவாரக் குழு இருக்கும். வீரர்களின் முகம் தெரியாது, இலக்கங்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் பதினெட்டுப் பேரும் ஒரு வலையைப் போல இழுபட்டு, சுருங்கி, மறுபடி விரிவது தெரியும்.

கழகங்களின் பின்கம்பப் படங்கள் முழுமையாகப் பொதுசனத்துக்கு வருவதில்லை. வாரநாட்களில் வரும் ஆய்வு நிகழ்ச்சிகளில் அவற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அம்புக்குறி போட்டு, அரை நிமிடம் காட்டுவார்கள். அதன் பிறகு மறுபடியும் பக்கவாட்டுப் படம்.