கூரைத் தகடு வெட்டுதல் (புதுச்சேரி)

கூரைத் தகடு வெட்டுதல் என்பது, கூரை வேயப் பயன்படும் மெல்லிய உலோகத் தகடுகளைத் தேவையான நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப நறுக்கும் வேலை ஆகும். தகட்டைப் பல கருவிகளால் வெட்ட முடியும். ஆனால் வெட்டிய விளிம்பு எவ்வளவு காலம் துருப்பிடிக்காமல் இருக்கும் என்பது பெரிதும் கருவியைப் பொறுத்தது. வங்காள விரிகுடாக் கரையில் அமைந்த புதுச்சேரி நகரில் காற்றில் உப்பு மிகுதியாக உள்ளதால், இந்த வேறுபாடு விரைவிலேயே கண்ணுக்குத் தெரிகின்றது.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்து மாடி வீடுகள் பலவற்றின் கூரை, மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டு அமைத்த "மெட்ராஸ் டெரஸ்" தளம் ஆகும். தமிழர் பகுதித் தெருக்களில் தாழ்வாரங்களுக்கு ஓடு வேயப்பட்டது. உலோகத் தகடு இன்று பெரும்பாலும் மொட்டைமாடிக் கொட்டகைகளிலும், கடை முகப்புகளிலும், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களின் தொழிற்கூடங்களிலும் காணப்படுகின்றது.

நெளி தகட்டுக்கு 1829 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர். இரும்பின் மீது துத்தநாகம் பூசும் முறைக்கு 1837 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஸ்டானிஸ்லாஸ் சோரெல் ஒரு பிரெஞ்சுக்காரர். இவ்விரண்டும் இணைந்ததே பேச்சு வழக்கில் "தகரம்" எனப்படுகின்றது. தகரம் என்னும் சொல் உண்மையில் வெள்ளீயத்தைக் குறிப்பது. கூரைத் தகரத்தில் வெள்ளீயப் பூச்சு இல்லை.

பூச்சும் வெட்டு விளிம்பும்

கூரைத் தகடு பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள எஃகு. அதைக் காப்பது மேலுள்ள பூச்சு. வெட்டும்போது விளிம்பில் எஃகு வெளிப்படுகின்றது. எனினும் அருகிலுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும். விளிம்பை ஒட்டிய பூச்சு சிதையாமல் இருந்தால்தான் இது நடைபெறும்.

வண்ணத் தகடுகள் பலவற்றில் வண்ணத்துக்கு அடியில் அலுமினியம் - துத்தநாகக் கலவை பூசப்பட்டிருக்கும். இது நிறையளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு அலுமினியமும், 43.4 விழுக்காடு துத்தநாகமும், 1.6 விழுக்காடு சிலிக்கனும் கொண்டது. 1972 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பரப்பில் இது வெறும் துத்தநாகத்தை விட நெடுநாள் உழைக்கின்றது. ஆனால் வெட்டு விளிம்பை அந்த அளவுக்குக் காப்பதில்லை. ஆகவே விலை உயர்ந்த தகட்டையே கூடுதல் கவனத்துடன் வெட்ட வேண்டியுள்ளது.

கருவிகள்

தகரக் கத்தரி மிக எளிய கருவி. வெப்பம் உண்டாக்காது, பொறி பறக்காது. கூட்டு நெம்புகோல் கத்தரிகளின் பிடி நிறம் பொதுவாக வெட்டும் திசையைக் காட்டும்: சிவப்பு இடப்புற வளைவுக்கும், பச்சை வலப்புற வளைவுக்கும், மஞ்சள் நேர்வெட்டுக்கும் உரியவை. நெளிவுகளுக்குக் குறுக்காக வெட்டும்போது கத்தரி இடறும்.

அத்தகைய இடத்தில் நிப்ளர் பயன்படுகின்றது. இது தகட்டைச் சிறு துணுக்குகளாகக் கொறித்துச் செல்லும். நெளிவின் மேலும் கீழும் ஏறி இறங்கும். துளையிடும் கருவியில் பொருத்தக்கூடிய நிப்ளர்களும் உள்ளன. துணுக்குகள் கூர்மையானவை, வெறுங்காலுடன் நடப்போர் கவனிக்க வேண்டும். நீண்ட நேர்வெட்டுக்கு மின்கத்தரி ஏற்றது. உலோகத்துக்கென அமைந்த கார்பைடு பற்களுடைய வட்ட வாளும் விரைவாக வெட்டும். ஆனால் இரைச்சலும் துகளும் மிகுதி.

பட்டறைகளில் பரவலாகக் காணப்படுவது தேய்ப்பு வட்டு பூட்டிய கை கிரைண்டர். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், நெளிவையும் பொருட்படுத்தாது. குறை வேறிடத்தில் உள்ளது. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகி 907 பாகையில் கொதிக்கும். வட்டின் வெப்பம் விளிம்பை ஒட்டிய பூச்சையும் வண்ணத்தையும் கருக்கிவிடும். பொறிகளாகப் பறக்கும் எஃகுத் துகள்கள் தகட்டின் வண்ணத்தில் சூடாகப் பதிந்து துருப் புள்ளிகளாகும். துத்தநாகப் புகையை மிகுதியாகச் சுவாசிப்பவருக்கு உலோகப் புகைக் காய்ச்சல் வரக்கூடும். கருகிய விளிம்பில் துத்தநாகம் செறிந்த வண்ணம் பூசுவது ஓரளவே ஈடு செய்யும். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் வட்டைப் பூட்டுவது, எவ்வளவு பழகிய கைக்கும் ஆபத்தானது.

செய்முறை

கடைகளில் அளவு கொடுத்து நீளத்துக்கு வெட்டிய தகடு வாங்குவதே சிறந்தது. களத்தில் வெட்ட வேண்டியது மூலைகளும் சாய்வெட்டுகளும் மட்டுமே. அலுமினியம் கலந்த பூச்சின் மேல் கரிக்கோலால் குறியிடலாகாது. அதிலுள்ள கிராபைட்டு ஈரத்தில் பூச்சை அரிக்கச் செய்யும். மைப்பேனாவே தகுந்தது.

வெட்டும் வேலையைத் தரையில், பிற தகடுகளுக்கு அப்பால் செய்ய வேண்டும். துகள்களை அன்றே கூட்டி அகற்றாவிட்டால் கடற்காற்றின் ஈரத்தில் அவை துருப்பிடித்துக் கறையாகும். திருகாணித் துளையிடும்போது சிதறும் சுருள்களுக்கும் இது பொருந்தும். ஆலையில் வெட்டிய முனையை நீர் சொட்டும் இறவாணப் பக்கமும், களத்தில் வெட்டிய முனையை முகட்டு மூடியின் அடியிலும் வைப்பது நல்லது. செலவில்லாத இவ்வழி பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

பழைய கூரையைப் பிரிக்கும்போது, சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் சிமெந்துத் தகட்டை உலோகத் தகடு போலக் கிரைண்டரால் வெட்டக்கூடாது. அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

புயலும் விளிம்பும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும்போது முழு விசையையும் தாங்குவன ஓரத்துத் திருகாணிகளும் அவற்றைச் சுற்றியுள்ள தகடும் ஆகும். துரு அவ்விடத்தைத் தின்றிருந்தால், திருகாணி சட்டத்திலேயே நிற்கத் தகடு மட்டும் கிழிந்து பறக்கும். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற நெருக்கமான கடலோரப் பகுதிகளில் பறக்கும் தகடு அடுத்த வீட்டாருக்கே முதலில் ஆபத்தாகின்றது. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னர் ஓரங்களையும் திருகாணிகளையும் பார்வையிட்டு, துருவேறிய தகடுகளை மாற்றுவது வழக்கமாக வேண்டும்.